இருபத்தெட்டாம் எண்ணின் கை

1

இந்தக் கதை பிறந்த காரணத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஒரு நோட்டின் கடைசியில் பன்னிரண்டு பக்கம் வெறுமனே கிடந்தது. அவ்வளவுதான். பெரிய எழுத்தாளர்களுக்கு வேதனையில் கதை பிறக்குமாம். எனக்கு மிச்சப் பக்கத்தில் பிறந்தது. அது எந்த நோட்டு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் பட்டென்று மூடிவிடுவீர்கள்.

வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். பக்கத்து அறையில் ஐயாவின் குறட்டை ஓடிக்கொண்டிருக்கிறது. அது நிற்கும்போதெல்லாம் நானும் விளக்கை மூடிக்கொண்டு நிறுத்திவிடுவேன். ஆகவே சில வாக்கியங்கள் பாதியில் தொங்கும். அதை என் நடை என்று பாராட்டிவிடாதீர்கள். அது ஐயாவின் மூக்கு.

கதையில் கோமதித்தாய் என்று ஒரு பெண் வருவாள். வயது பதினான்கு, எட்டாம் வகுப்பு, முதல் பெஞ்சு. அவள் யார் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நான்தான். ‘நான்’ என்று எழுதினால் பேனா நகர மறுக்கிறது. ‘அவள்’ என்று எழுதினால் பயத்தில் பாதி அவள் பங்குக்குப் போய்விடுகிறது. இது தெரிந்திருந்தால் ஆறாம் வகுப்பிலேயே கதை எழுதத் தொடங்கியிருப்பேன்.

2

தொடக்கம் ஒன்று: ‘சங்கரன்கோவில் நகரின் மேற்கே செங்கதிரோன் தன் பொற்கரங்களை

இதை அடித்துவிட்டேன். செங்கதிரோனுக்குத் தமிழ் வாத்தியார் மார்க் போடுவார். நீங்கள் போட மாட்டீர்கள்.

தொடக்கம் இரண்டு: ‘பாரதம் விடுதலை பெற்று நான்கு ஆண்டுகள் ஆகியும், கல்வியிலும் சுகாதாரத்திலும் தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் சம உரிமை என்பது’ — இதையும் அடித்தாயிற்று. இது போன வருஷம் கட்டுரைப் போட்டியில் கோமதித்தாய் எழுதியது. முதல் பரிசு, ஒரு சோப்புப் பெட்டி. உள்ளே சோப்பு இல்லை. அதே வாரம், அதே பேனாவால் அவள் இன்னொன்றும் எழுதினாள். அதற்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கதை.

தொடக்கம் மூன்று: ‘போன வருஷம் மாசி மாதம் அம்மை குத்துகிறவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.’

இது நிற்கட்டும். அழகில்லை, ஆனால் பொய்யில்லை.

3

அம்மை குத்துகிறவர் பெயர் சண்முகையா. தோளில் தோல்பை. பைக்குள்ளே மெழுகு வைத்து அடைத்த கண்ணாடிக் குழாய்கள். குழாய்க்குள்ளே அம்மைப்பால். முன்னங்கையைப் பிடித்து ஒரு சொட்டு வைப்பார். அதன்மேல் சின்ன வட்டத் தகட்டை வைத்துத் திருகுவார். ரத்தம் துளிர்க்கும். பிறகு காய்ச்சல், கொப்புளம், பொருக்கு, கடைசியில் தழும்பு. அந்தத் தழும்புதான் அத்தாட்சி. ஆளுக்கு இரண்டு.

முதல் பெஞ்சிலிருந்துதான் குத்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. அதற்கும் முந்திய வருஷம் வேறொரு வகுப்பில் சண்முகையா ஏதோ நினைப்பில் கடைசி பெஞ்சில் ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான். முதல் பெஞ்சின் தாய்மார்கள் படையெடுத்து வந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். “அந்தப் பிள்ளைகளைத் தொட்ட ஊசி எங்க பிள்ளை மேல படவா?” அன்றிலிருந்து முன்னாலிருந்து பின்னால். எங்கள் வகுப்பில் கடைசி இரண்டு பெஞ்சில் ஓடைக்கரைப் பிள்ளைகள், பதினோரு பேர்.

(குறிப்பு: ஓடைக்கரைக்காரர்களை ரெஜிஸ்டரில் ‘அரிசனர்’ என்று எழுதுவோம். ஊருக்குள் வேறு பெயர் சொல்வார்கள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. என் கையெழுத்து ஏற்கெனவே செய்த அசிங்கம் போதும்.)

வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். இருபத்தேழு கை முடிந்தது. இருபத்தெட்டாவது தங்கப்பழம், ஓடைக்கரையிலிருந்து ஏழாம் வகுப்பு வரை வந்துவிட்ட முதல் பெண். பாவாடையை இடுப்பில் செருகி, கையை நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். வெகு நேரம் நின்றாள்.

“குத்தியாச்சா?” என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“பால் தீந்துபோச்சு மக்கா” என்றார் சண்முகையா. “அடுத்த வாரம் வாரேன்.” சிவகிரி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அந்த அடுத்த வாரம் இன்னும் வந்து சேரவில்லை.

இப்போது ரெஜிஸ்டர். எங்கள் ஹெட்மாஸ்டர் வெள்ளத்துரை சாருக்கு ஒரு தத்துவம் உண்டு. “செய்யுததுக்கு முந்தி எழுதிட்டா பாதி வேலை முடிஞ்சுதுலே.” மாதம் பிறந்த முதல் தேதியே அந்த மாதம் முழுக்க வருகைப் பதிவை முடித்துவிடுவார். மாமியார் இறந்து ராயகிரியில் பாடை தூக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் இங்கே ஆறாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்தியதாகப் பதிவு இருக்கிறது. அதே தத்துவப்படி, சண்முகையா பையைத் திறக்கும் முன்பே, அம்மை குத்திய ரெஜிஸ்டரில் முப்பத்தெட்டு வரிக்கும் ‘குத்தியாச்சு’ விழுந்துவிட்டது. எழுதியவள் கோமதித்தாய். அவள் கையெழுத்துதான் பள்ளியிலேயே அழகு.

“பாருங்கலே, முத்து முத்தா எழுதியிருக்கா” என்று சார் தூக்கிக் காட்டினார்.

சண்முகையா ஓடிய பிறகு அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினோரு வரியை அடிக்க வேண்டும். பேனா கையில்தான் இருந்தது. சார் தடுக்கவில்லை, அவர் அந்தப் பக்கமே இல்லை. பிறகு ஏன் அடிக்கவில்லை?

பக்கம் அசிங்கமாகிவிடும் என்று.

இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது சிக்குமா என்று ஒரு மணி நேரமாகத் தேடுகிறேன். மிரட்டல், சதி, எதுவும் இல்லை. அவ்வளவு அழகான பக்கம், அடித்தால் கெட்டுப்போகும். வேறொன்றுமில்லை.

4

கதைக்கு ஒரு இன்ஸ்பெக்டர் வேண்டும். ஞானபூரணம் என்று ஒருவர் இருக்கிறார், சுகாதார இன்ஸ்பெக்டர், வருஷத்துக்கு ஒரு முறை வருவார். நல்லவர்தான். ஆனால் அவர் வெள்ளைப் பேண்ட் போடுகிறவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் வகுப்புக்குள் வந்தபோது ஒரு பையன் மைக்கூட்டோடு அவர் மடியில் விழுந்துவிட்டான். அந்தக் கறை உட்கார்ந்த இடம் எப்படிப்பட்ட இடம் என்றால், அவர் மத்தியானம் வரை ரெஜிஸ்டரை முன்னால் பிடித்துக்கொண்டே நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் உள்ளே வருவதில்லை. வெளியே வேப்பமரத்தடியில், ஜன்னலை ஒட்டி நாற்காலி போட்டுவிடுவார்கள். உள்ளேயிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக ஜன்னல் கம்பிக்கு நடுவே கையை நீட்ட வேண்டும். அவர் பெயரைக் கூப்பிடுவார், கையைப் பிடித்துத் தழும்பைப் பார்ப்பார், ‘சரி’ என்பார், கை உள்ளே போகும். முகம் தேவையில்லை. தழும்பு முகத்திலா இருக்கிறது?

போன வருஷம் பத்துக் கை பார்த்தார். பத்தும் முதல் இரண்டு பெஞ்சு. பஸ் வந்துவிட்டது. ‘திருப்தி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் கோமதித்தாய். மூடி போட்டுத்தான் பிடித்திருந்தாள்.

5

இந்தப் பங்குனியில் ஓடைக்கரையில் இரண்டு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறது. பெரியம்மை. இரண்டாவது வீட்டில் செருகியது முந்தாநாள். அந்த வீட்டுக்கும் தங்கப்பழத்தின் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மண்சுவர்.

நேற்று இன்ஸ்பெக்டரிடமிருந்து கார்டு வந்தது, நாளை வருவதாக. கோமதித்தாய்தான் சாருக்கு வாசித்துக் காட்டினாள். பரீட்சை எழுதப்போகும் எட்டாம் வகுப்பை முதலில் பார்ப்பேன். இந்தத் தடவை எல்லாக் கையையும் பார்ப்பேன். பையில் இருபது பேருக்கு அம்மைப்பால் இருக்கும். தழும்பில்லாத கை இருந்தால் அங்கேயே குத்திவிடுவேன். பக்கத்து வீட்டில் அம்மை கண்டிருந்தாலும் இரண்டு மூன்று நாளுக்குள் குத்திவிட்டால் தப்பிக்க வழியுண்டு. பள்ளிக்கு வராதவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பேன். ஒருவரும் பாக்கியில்லை என்றால் அடுத்த பஸ்ஸில் மருந்தைச் சிவகிரிக்குக் கொண்டுபோவேன்.

இதைப் படித்த எவரும் என்ன சொல்வார்கள்? ‘ஐயா, பதினோரு பேர் பாக்கி, வாங்க’ என்றுதானே? வெள்ளத்துரை சாரும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்திருப்பார். பிறகு ரெஜிஸ்டர் ஞாபகம் வந்தது. முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

அவரை வில்லனாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மீசைகூட வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. வேலை போய்விடும் என்ற பயம், வேறொன்றுமில்லை. பயப்படுகிறவரைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. அந்த விஷயத்தில் நான் அவருக்கு அக்கா.

ஆனால் ஒன்று கவனித்தேன். அவருடைய பயத்துக்கு விலை வைத்தால் அதைக் கொடுக்க வேண்டியது ஓடைக்கரை. என்னுடையதுக்கும் அப்படித்தா

(குறட்டை நின்றது. ஐயா எழுந்து தண்ணீர் குடித்தார். மறுபடி படுத்துவிட்டார். என் இதயம் இன்னும் படுக்கவில்லை.)

6

இன்று மத்தியானம் ஓடைக்கரைப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சார் கதவைச் சாத்தினார்.

“ஏலே, இங்க பாருங்க. நாளைக்கு அந்தப் பதினோரு பேருக்கும் லீவு. தெருவுல அம்மை, வரக்கூடாது. ஆனா வந்திருக்காங்க. வெளங்குதா?”

யாருக்கும் விளங்கவில்லை. முதல் பெஞ்சில் பாதுஷா எழுந்தான்.

“சார், வரல, ஆனா வந்திருக்காங்கன்னா... பள்ளிவாசல்ல சொல்லுவாங்களே, கண்ணுக்குத் தெரியாத மலக்குக, அவங்க மாதிரியா சார்?”

“கண்ணுக்குத் தெரியவேண்டாம்லே. கை தெரிஞ்சாப் போதும்.”

திட்டம் இதுதான். இருபத்தேழு பேரும் தங்கள் பெயருக்கு ஒரு முறை கையை நீட்ட வேண்டும். பிறகு அவர்களிலேயே பதினோரு பேர், ஓடைக்கரைப் பெயர்களுக்கு மறுபடியும் நீட்ட வேண்டும். ஜன்னலுக்கு வெளியே இருப்பவருக்குக் கைதானே தெரியும்?

துரைப்பாண்டி எழுந்து நின்றான். “சார், நான் ஓடைக்கரைக்காரன் பேருக்குக் கை நீட்ட மாட்டேன். எங்க ஐயாவுக்குத் தெரிஞ்சா கையை வெட்டிருவாரு.”

“பேருல எங்கலே தீட்டு இருக்கு? தொட்டாத்தானலே தீட்டு. பேரு காத்துல வருது, காத்துல போவுது.”

“அப்ப அந்தப் பேரை நீங்க வச்சுக்கிடுங்க சார்.”

வகுப்பே சிரித்தது. புளியம் விளாறு ஒரு முறை மேசையிலும் இரண்டு முறை துரைப்பாண்டி முதுகிலும் விழுந்தது. அவன் உடனே ஓடைக்கரைக்காரனாகிவிட்டான்.

ஒத்திகைக்கு சாரே வெளியே போய் நாற்காலியில் இன்ஸ்பெக்டராக உட்கார்ந்தார். அதற்கு முன்னால் ஒரு கரித்துண்டைக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டாம் முறை நீட்டும்போது கையில் தேய்த்துக்கொள்ள வேண்டுமாம். ஓடைக்கரைக் கை கறுப்பாகத்தான் இருக்குமாம்.

“இருபத்தெட்டு, தங்கப்பழம்!”

கோமதித்தாய் வளையலைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினாள். சார் வாங்கிப் பார்த்தார்.

“ஒனக்குக் கரி வேண்டாம்ட்டி. இயற்கையாவே அமைஞ்சிருக்கு.”

ஜன்னலுக்குள்ளிருந்து பாதுஷா சொன்னான்: “சார், தங்கப்பழம் இவளைவிடச் செவப்பு சார்.”

எல்லோரும் கோமதித்தாயின் கையைப் பார்த்தார்கள். பிறகு காலியாகக் கிடந்த கடைசி பெஞ்சைப் பார்த்தார்கள். ஏழு வருஷமாக ஒரே அறையில் இருந்தும், தங்கப்பழம் என்ன நிறம் என்று அதுவரை யாரும் பார்த்திருக்கவில்லை. கறுப்பு என்று எல்லோரும் எழுதி வைத்துவிட்டோம், முன்கூட்டியே.

சார் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப நீ மட்டும் சாக்பீஸ் பொடியைப் பூசிக்கோ.”

7

தங்கப்பழத்தை எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

‘தங்கப்பழத்தின் விழிகளில் நீர் தளும்பியது. தழுதழுத்த குரலில் அவள்’ — அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. விரலை வாயில் வைத்து விசிலடிப்பாள். தெப்பக்குளத்து நாய்கள் எழுந்து நிற்கும்.

அவள் படிப்பில் புலி என்று எழுதினால் நீங்கள் உடனே இரங்கிவிடுவீர்கள். கதைகளில் அப்படித்தான், ஏழை என்றால் முதல் மார்க். உண்மை: அரைப் பரீட்சையில் கணக்கில் அவளுக்குப் பதினேழு மார்க். துரைப்பாண்டிக்குப் பதினாறு. அவன் கையில் இரண்டு தழும்பு இருக்கிறது. பதினாறு வாங்கினவனுக்கு அம்மை வராமல் பார்த்துக்கொள்ள முடிந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடக் கேட்டுக்கு உள்ளே கோமதித்தாய் அவளுக்கு ‘ஏட்டி.’ கேட்டைத் தாண்டினால் ‘தாயி.’ யாரும் சொல்லித் தரவில்லை. தங்கப்பழத்தின் அம்மா, திருவேங்கடம் ரோட்டில் இருக்கும் எங்கள் பருத்திக்காட்டில் வேலை செய்கிறவள். கேட்டில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே இருக்கும்போது பேச்சு வந்தால், தங்கப்பழம் காலைத் தூக்கி முடிக்கும் வரை வாயை மூடிக்கொள்வாள்.

இன்று சாயங்காலம் கோமதித்தாய் கேட்டைத் தாண்டி இருபது அடி போயிருப்பாள்.

“ஏட்டி கோமதி!”

நடு ரோட்டில். பஸ்ஸுக்கு நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தங்கப்பழம் காம்பவுண்டுச் சுவர்மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானத்திலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறாள். ஒத்திகை முழுவதையும் பார்த்திருக்கிறாள்.

“நாளைக்கு நீதான் நானாமே?”

“சார் சொன்னாரு...”

“நல்லதாப் போச்சு. பதினஞ்சு நாள்ல பெரிய பரீட்சை. கணக்கை நீயே எழுதிரு. அப்படியே பருத்திக்காட்டுல எம்பேருக்குக் கொஞ்சம் குனிஞ்சு எந்திரி. உங்க ஐயா வையுததையும் நீயே வாங்கிக்கோ.”

“ரோட்டுல வச்சுக் கத்தாதட்டி.”

“அம்மை வந்தாலும் எம்பேரைச் சொல்லித்தான கூப்பிடும்? அப்பவும் நீ கையை நீட்டுவியா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். தங்கப்பழம் சுவரிலிருந்து குதித்தாள். முன்னங்கையைத் திருப்பிக் காட்டினாள்.

“பாரு. கழுவிக் கவுத்துன சட்டி மாதிரி இருக்கு. ஒரு கீறல் இல்ல.” பிறகு, பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே, குரலை இறக்கிச் சொன்னாள்: “பக்கத்து வீட்டுப் பிள்ளை ராத்திரியெல்லாம் அரத்துதுட்டி. சுவத்துல காதை வைக்காமலே கேக்குது. எனக்குப் பயமா இருக்கு.”

இந்தக் கதையில் இதுவரை பயந்ததெல்லாம் வேலை போகும், அடி விழும், பேண்ட் கெடும் என்றுதான். செத்துப்போவோம் என்று பயந்தது அவள் ஒருத்திதான். அவள் பயத்தைத்தான் நான் இவ்வளவு தாமதமாகக் கொண்டுவந்திருக்கிறேன், ஏழாம் பிரிவில். கதையிலும் கடைசி பெஞ்சு. பாருங்கள், பழக்கம்.

“நாளைக்குப் பத்து மணிக்கு இந்தச் சுவருக்குப் பின்னால நில்லு” என்றாள் கோமதித்தாய். “பதினோரு பேரும்.”

“எதுக்குட்டி?”

“தெரியல.”

உண்மையிலேயே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, விளக்கை ஏற்றி, இந்தக் கதையை ஆரம்பித்ததே அதைத் தெரிந்துகொள்ளத்தான்.

8

முடிவு ஒன்று. (வெள்ளத்துரை சார் எழுதியது.) முப்பத்தெட்டுக் கை நீள்கிறது. எழுபத்தாறு தழும்பு. இன்ஸ்பெக்டர் ‘திருப்தி’ என்று எழுதுகிறார். மருந்து சிவகிரிக்குப் போகிறது. சுபம்.

சுபம் என்ற சொல்லுக்குப் பிறகு ஓடைக்கரையில் என்ன நடக்கும் என்பது கதைக்கு வெளியே. கதைக்கு வெளியே விட்டுவிட்டால் யாரும் சாவதில்லை. எவ்வளவு வசதி.

முடிவு இரண்டு. இருபத்தெட்டு என்று கூப்பிட்டதும் கோமதித்தாய் சிங்கம் போல் கர்ஜிக்கிறாள்: ‘நிறுத்துங்கள்! இது பொய்!’ வகுப்பு கைதட்டுகிறது.

இதை எழுதும்போது மயிர் சிலிர்த்தது. மறுபடி படித்தபோது சிரிப்பு வந்தது. சார் தொண்டையைக் கனைத்தாலே எனக்கு மூத்திரம் முட்டும். நான் எங்கே கர்ஜிப்பது? ஐயா ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்: “பொட்டப்பிள்ளை பேரு சந்தியில அடிபட்டா, அன்னைக்கோட படிப்புக்கு முழுக்கு.” பதினைந்து நாளில் எனக்கும்தான் பரீட்சை.

முடிவு மூன்று. ‘இருபத்தெட்டு’ என்றதும் நம் ஊர் கோமதி அம்மனே ஜன்னல் வழியாகக் கையை நீட்டுகிறாள். முழங்கை வரை பொன் வளையல். இன்ஸ்பெக்டர் நாற்காலியோடு சாய்கிறார்.

மூன்றிலும் இதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் அம்மன் கையில் தழும்பு இருக்குமா? இல்லையென்றால் அவளுக்கும் குத்த வேண்டும். தவிர, ஓடைக்கரையில் வேப்பிலை செருகியவர்கள் ‘அம்மா வந்திருக்கா’ என்றுதான் சொல்கிறார்கள். போன வருஷம் முதல் பெஞ்சு முழுவதும் ஊசி போட்டு ‘எங்கள் வீட்டுக்கு வராதே’ என்று சொல்லிவிட்டு, இன்று அவளையே வந்து காப்பாற்றச் சொன்னால் அவளுக்கும் கோபம் வராதா?

நாலாவது முடிவு என்னிடம் இல்லை. நான்கு முறை எழுதினேன். நான்கிலும் கோமதித்தாய் கடைசி நேரத்தில் உண்மையைச் சொல்லாமல் கையை உள்ளே இழுத்துக்கொள்கிறாள். அவளை எனக்குத் தெரியும். பக்கம் அசிங்கமாகும் என்று பதினோரு பேரை விட்டவள்.

9

இது எந்த நோட்டு என்று கடைசியில் சொல்கிறேன் என்றேன்.

இது அம்மை குத்திய ரெஜிஸ்டர். ‘தழும்பு எத்தனை’ என்று புதிதாக ஒரு கட்டம் வந்திருக்கிறது. அதை முப்பத்தெட்டுப் பேருக்கும் நிரப்பிக் கொண்டுவரச் சொல்லி சார் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். நிரப்பிவிட்டேன். இரண்டு, இரண்டு, இரண்டு. முத்து முத்தாக. முன்பக்கத்தில் அடிக்கத் தைரியம் வரவில்லை. காலையில் சார் அதைப் பார்ப்பார். கடைசிப் பக்கங்களைப் பார்க்க மாட்டார். முடிவை முதலிலேயே எழுதி வைக்கிறவருக்குக் கடைசிப் பக்கம் எதற்கு?

கடைசிப் பக்கங்களைத் திறக்கிறவர் ஒருவர்தான் இருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்ததும், பெயர் கூப்பிடும் முன்னால், போன வருஷம் தான் போட்ட கையெழுத்து எப்படி இருக்கிறது என்று பின்னாலிருந்து திருப்பிப் பார்ப்பார். மைக்கூடு பிடித்தவளுக்குத் தெரியும்.

ஆகவே, மரியாதைக்குரிய இன்ஸ்பெக்டர் ஞானபூரணம் ஐயா அவர்களே, இந்தக் கதையின் வாசகர் நீங்கள்தான். இவ்வளவு நேரமும் உங்களிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன். நாலாம் பிரிவில் உங்கள் பேண்டைப் பற்றி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் நடந்தது அதுதானே. நடக்காததை மட்டுமே அடிப்பது என்று இன்று ராத்திரி பழகிக்கொண்டிருக்கிறேன். எத்தனை இடத்தில் அடித்திருக்கிறேன் பாருங்கள். பக்கம் அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் கையில் இப்போது சார் வாங்கிக் கொடுத்த சோடா இருக்கும். குடித்து முடியுங்கள். அதற்குள் யோசித்துக்கொள்ளலாம். இந்தப் பக்கங்களைக் கிழித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பழையபடி ‘திருப்தி’ என்று எழுதிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். நோட்டை அப்படியே சாரிடம் காட்டலாம். கையெழுத்து யாருடையது என்று அவரிடம் கேட்கவே வேண்டாம். அதோடு எனக்குப் புளியம் விளாறும், படிப்புக்கு முழுக்கும். அல்லது எழுந்து உள்ளே வரலாம். மைக்கூடுகளையெல்லாம் இறுக மூடி வைக்கச் சொல்லிவிடுகிறேன்.

எதைச் செய்வீர்கள் என்று நான் எழுத மாட்டேன். முன்கூட்டியே எழுதி வைத்ததெல்லாம் போதும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ‘இருபத்தெட்டு, தங்கப்பழம்’ என்று நீங்கள் கூப்பிடும்போது கம்பிக்கு நடுவே ஒரு கை வரும். கறுத்த கை, மேலே சாக்பீஸ் பொடி. முன்னங்கையில் இரண்டு தழும்பு. அது என் கை. தங்கப்பழத்தின் கை உங்களுக்குப் பத்தடி பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், வழவழவென்று இருக்கிறது. உங்கள் நாற்காலிக்கு அடியில் மருந்து இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது நீங்களும் நானும் ஒரு சுவரும்தான்.

என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஐயா. நான் இழுப்பேன். பயத்தில் பலமாகவே இழுப்பேன். வெள்ளைப் பொடி உங்கள்மேல் உதிரும்.

விட்டுவிடாதீர்கள்.